பயணத் தூள்

அடுத்தடுத்து நாலைந்து தும்மல் வந்த பிறகுதான் பிரதாபனுக்கு விசயம் விளங்கியது. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது!

குசினிக்குள் எட்டிப் பார்த்தான். சிவனேஸ்வரி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாச்சியில் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுளகு நிறைய வறுத்த மல்லி. இரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டில் இவ்வளவு தூள் எதற்கு என்று கண்டாவளையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் பிளேன் ஏறப்போகிறது.

"என்னம்மா, இவ்வளவு தூள்?"

"கோயில் அன்னதானத்துக்கு," என்றார் அம்மா, திரும்பிப் பாராமலே.

அன்னதானம் போன கிழமைதான் முடிந்திருந்தது.

பிரதாபன் கிளிநொச்சியில் ஸ்கான் டொக்டர். கொழும்பில் படித்து, மெல்பேர்னில் பயிற்சி எடுத்துத் திரும்பிய கதிரியக்க நிபுணர். ஊரிலுள்ள ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றின் இரகசியமும் அவனுக்குத் தெரியும். அவனுடைய இரகசியம்தான் ஒருவருக்கும் தெரியாது என்று இந்தத் தும்மல் வரும்வரை நம்பியிருந்தான்.

ஒரு வருடமாகப் பிரித்தானிய ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பம் போட்டுக் களைத்துப்போயிருந்தான். விசாவுக்கு ஸ்பொன்சர் செய்வீர்களா என்று கேட்டதும் பாதிப்பேர் பதிலே போடவில்லை. மீதிப்பேர் மிக மரியாதையாகக் கையை விரித்தார்கள். கடைசியில் வேல்ஸில் ஓர் ஆஸ்பத்திரிதான் இன்ரவியூவுக்குக் கூப்பிட்டது. அம்மாவின் காதில் விழக்கூடாதென்று உடையார்கட்டுப் பக்கம் ஒரு வயலோரத்தில் காரை நிறுத்தி, அதற்குள் கோட்டும் டையுமாக இருந்து போனில் பேசினான். நடுவில் மயில் அகவியது. அது என்ன சத்தம் என்று வெள்ளைக்காரர் கேட்க, ஆஸ்பத்திரி அலாரம் என்று கூசாமல் சொன்னான். அப்படியும் வேலை கிடைத்துவிட்டது. விசாவும் அவர்களே எடுத்துத் தருவார்களாம். இன்று பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வரமுடியாது என்றுதான் எழுதி வைத்திருந்தான். அப்பா இல்லை. அக்கா கௌசலா கனடாவில். அடுத்த வளவு நேசமலரின் மகன் பிரான்சுக்குப் போனபோது, "பெத்த தாயைத் தனிய விட்டிட்டுப் போக என்னெண்டு மனம் வருது?" என்று அம்மா கேட்டது இன்னும் அவன் காதில் நின்றது. வேலையில் கொள்ளை ஆசை, ஆனால் அம்மாவைத் தனியே விட அவனால் முடியாது.

இப்போது பார்த்தால் எல்லாம் பொருந்தி வந்தது. அப்பாவின் பழைய சூட்கேஸ் அலுமாரிக்கு மேலிருந்து இறங்கி முற்றத்து வெயிலில் காய்ந்தது. ஒரு மாதமாக அம்மா அவனைக் குசினிக்குள் இழுத்துச் சொதி வைக்கப் பழக்கினார். அக்கா போன் எடுத்தால், மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோய்க் குசுகுசுத்தார். சிவப்பி மாட்டில் பால் கறக்கவும் பழக்கினார். சிவப்பி விட்ட உதையில் வாளி கிணற்றடிவரை உருண்டது. வேல்ஸுக்குப் போகிறவனுக்குப் பால் கறவை எதற்கு என்பதுதான் இடித்தது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அதனாலாக்கும் என்று விட்டுவிட்டான்.

அம்மா சம்மதித்துவிட்டார்! வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் சம்மதித்து, பயணத்துக்குத் தூளும் வறுக்கிறார்!

பிரதாபனுக்குத் தலைகால் தெரியவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஓடினான். "போட்டு வாறனடி" என்று சிவப்பியின் கழுத்தைக் கட்டிக் கொஞ்சினான். எழுதி வைத்ததை அழித்தான். கட்டாயம் வருகிறேன் என்று எழுதி, மனம் மாறுவதற்குள் அனுப்பியும் விட்டான்.

பிறகு குசினிக்குள் பாய்ந்து அம்மாவை அப்படியே தூக்கப் பார்த்தான்.

"விடடா, மிளகாய் கருகுது!"

"கருகட்டும். அன்னதானமாம் அன்னதானம்! எனக்கு எல்லாம் விளங்கீட்டுது."

சிவனேஸ்வரி திடுக்கிட்டுப்போனார். "ஆர் சொன்னது, கௌசலாவோ? கண்ணூறு பட்டிடும், பிளேன் ஏறுமட்டும் மூச்சு விடாதை எண்டெல்லோ அவளுக்குச் சொன்னனான்!"

"அக்கா ஒண்டும் சொல்லேல்லை. இந்தத் தூள்தான் சொல்லிச்சுது. உங்களுக்குக் கோவமில்லைத்தானே அம்மா?"

"எனக்கென்ன கோவம்? நீ என்ன சொல்லுவியோ எண்டு நான்தான் நித்திரையில்லாமல் கிடந்தனான்."

"நான் என்னம்மா சொல்லப்போறன்? வேல்ஸில ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலையே வீடும் தருகினமாம். இப்பதான் வாறனெண்டு எழுதி அனுப்பினனான்."

அகப்பை அந்தரத்தில் நின்றது.

"வேல்ஸுக்கோ? ஆர் போறது?"

"நான்தான்!"

சிவனேஸ்வரி மகனைப் பார்த்தார். வறுத்து வைத்த மல்லியைப் பார்த்தார். யன்னலால் மாட்டுக்கொட்டிலைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பும் தும்மலும் ஒன்றாக வந்து கண்ணால் தண்ணீர் ஓடியது.

"ஐயோ என்ரை ராசா, வாற கிழமை நான் கனடாவுக்குப் போறன்; நீயும் போனால் சிவப்பியை ஆரடா கறக்கிறது?"