அறுபது படத்திலும் ஒரே ஆள்

“ஒரு ஆளைத் தூக்கணும் தம்பி. தடயமே இருக்கக் கூடாது.”

லேப்டாப் கடை சேல்ஸ்மேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே கைப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக நின்ற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பார்த்தால் கொசுவை அடிக்கக்கூட யோசிப்பார் போலிருந்தது.

“போட்டோவுல இருந்து தம்பி!” என்று அவரே சிரித்துவிட்டார். “வீட்டுல இருந்தே எடிட்டிங் பண்ணிக் குடுக்கறேன். ஒரு கல்யாண ஆல்பம் வந்திருக்கு. அறுபது படம். அறுபதுலயும் ஒரே ஆளை எடுக்கணும். என் பழைய லேப்டாப்புக்குப் படத்தைத் திறக்கறதுக்குள்ளயே மூச்சு வாங்குது.”

“யாரு மேடம் அந்தப் பாவப்பட்ட ஜென்மம்?”

“கஸ்டமர் விஷயம் தம்பி. வெளிய சொல்ல மாட்டேன்.”

கஸ்டமராவது ஒண்ணாவது, சொந்தக் கதையாகத்தான் இருக்கும் என்று அவன் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டான். எதுவானால் என்ன? அன்று மாதத்தின் கடைசி நாள். இன்னும் ஒரே ஒரு லேப்டாப் விற்றுவிட்டால், தொடர்ந்து மூன்றாவது மாதமும் கடையின் சிறந்த விற்பனையாளர் கோப்பை அவனுக்குத்தான்.

முதலில் கீபோர்டில் வண்ண விளக்கெல்லாம் எரிகிற ஒன்றைத் திறந்து வைத்தான். “கலர் சும்மா அள்ளுது பாருங்க மேடம்!”

அந்த அம்மா கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகி, சோதனைக்கென்றே வைத்திருந்த ஒரு குழந்தையின் படத்தைத் திறந்தார். “அள்ளுதுதான். ஆனா முகம் தக்காளியாட்டம் இருக்கே! ஸ்க்ரீன்ல ஒரு கலர், பிரிண்ட்ல ஒரு கலர்னா கஸ்டமர்கிட்ட நான்தானே வாங்கிக் கட்டிக்கணும்?”

அடுத்தது மெல்லியது, விரலில் தூக்கிவிடலாம். “மெமரி எவ்வளவு?” என்றார். எட்டு என்றான். “பின்னாடி கூட்டிக்கலாமா?” முடியாது என்றான். அதையும் ஓரமாகத் தள்ளினார்.

மூன்றாவது, சாம்பல் நிறத்தில் அழுமூஞ்சியாக இருந்தது. கொஞ்சம் கனம் வேறு. ஆனால் மெமரி முப்பத்திரண்டு. குழந்தையின் முகம் குழந்தையின் முகமாகவே தெரிந்தது. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார், குனிந்து பார்த்தார். நிறம் மாறவில்லை.

“பாக்க நல்லாத்தான் இருக்கு. வேலைக்கு எப்படி? ஏதாவது ஒரு படத்துல ஆளை எடுத்துக் காட்டுங்க.”

கடையின் மாதிரிப் படங்களில் மலை இருந்தது, பூ இருந்தது, கிளி இருந்தது. மனிதன்தான் இல்லை. சேல்ஸ்மேன் சட்டென்று தன் போனை எடுத்தான். “நம்ம கல்யாணப் படமே இருக்கு மேடம். ஆல்பத்தை என் வைஃப் அவ அக்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா. நல்லவேளை, இது ஒண்ணு இதுல கிடக்கு.”

போனிலிருந்து லேப்டாப்புக்கு மாற்றியதும் படம் திரையில் விரிந்தது. பூ அலங்கார மேடையில் மணப்பெண் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். ஓரடி தள்ளி, கையிலிருந்த போனைப் பார்த்தபடி அவன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

“இது வேண்டாம் தம்பி. வேற படம் பாப்போமே.”

“டெமோதானே மேடம், இதுல என்ன சென்டிமென்ட்? என்னையே தூக்கிக் காட்டறேன்!” அவன் தன்னைச் சுற்றி மவுஸால் ஒரு வளையம் போட்டான். “தள்ளி நிக்கறதால ரொம்ப சுலபம், பாருங்க. தோள்ல கை போட்டிருந்தாத்தான் கஷ்டம்.”

நாலே விநாடி. அவன் நின்ற இடத்தில் பூக்கள் வந்து நிரம்பின. படியில் மிச்சமிருந்த நிழலையும் அவனே கருத்தாகத் துடைத்து எடுத்தான். லேப்டாப் சூடாகவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை.

“எப்படி மேடம்? இங்க நான் ஒருத்தன் இருந்தேன்னு யாராவது கண்டுபிடிக்க முடியுமா?”

அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்தார். “வீட்டம்மா எப்பத் திரும்பி வர்றாங்க?”

“போயி ரெண்டு வாரம் ஆச்சு. வருவா மேடம், எங்க போயிடப் போறா! எனக்கு டார்கெட் டென்ஷன்ல போன் பண்ண எங்க நேரம்? அவளும் பண்ணல. வீடு நிம்மதியாத்தான் இருக்கு.”

“ஒரு போன் போட்டுப் பேசுங்க தம்பி. இப்பவே பேசுங்க. நான் காத்திருக்கேன்.”

“முதல்ல பில்லைப் போட்டுடலாம் மேடம்!” என்றவன், அதற்குள் பில் கவுண்டருக்குப் பாதி தூரம் போய்விட்டிருந்தான்.

பில் வந்தது. கூட வேலை செய்பவர்கள் கைதட்டினார்கள். “மூணாவது கப்பும் உனக்குத்தான்டா!” என்று யாரோ கத்தினார்கள். பூரித்துப்போன முகத்தோடு திரும்பி வந்தவன், லேப்டாப்பைப் பெட்டியில் வைக்கப் போகும்போதுதான் கவனித்தான்.

“அடடா, என் படம் இதுலயே கிடக்கு. டெலீட் பண்ணிட்டுத் தர்றேன் மேடம்.”

மவுஸின் மேல் போன அவன் கையை அந்த அம்மா மெதுவாகப் பிடித்துக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று சற்று நேரம் அவருக்குள் ஒரு போராட்டம் நடந்தது. பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“இருக்கட்டும் தம்பி. உங்க வீட்டம்மா முதல்ல கேட்டதே இந்தப் படத்தைத்தான்.”