நஸீறாவுக்குப் பென்டியம்

"ஸியோன் தங்கராசாவுக்கு. பென்டியம் நஸீறாவுக்கு."

பொறியியலாளர் அழகரத்தினம் ஓடர்த் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கொழும்பிலிருந்து வந்திருந்த கொம்பியூட்டர் கடைக்காரர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புளியந்தீவில் இருந்த அந்தக் கட்டடப்படம் கீறும் கந்தோரில் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். ஸியோன் விலை கூடிய பெரிய கொம்பியூட்டர், பென்டியம் சின்னது. மனுசன் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டாரா?

சுனாமிக்குப் பிறகு அந்தக் கந்தோரிலிருந்து போன நல்ல படம் எல்லாம் காத்தான்குடி நஸீறாவின் கைவேலை. சித்தாண்டியில் கட்டப்போகும் நூலகத்தை அவள் கொம்பியூட்டரில் எழுப்பிக் காட்டியபோது, உதவி கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். தங்கராசாவும் நல்ல மனுசன்தான். ஆனால், படிக்கட்டு வைக்க மறந்து மேல்மாடி கீறியவர்.

நஸீறா எழுந்து போனாள்.

"சேர், ஒண்டு கேட்கலாமா?"

"கேளு புள்ள."

"கோடு கீறுறதுக்கு எண்டா பென்டியம் நல்லம். வேகமும் கூட. கீறக்குள்ள ஒரு புறொசெசர்தான் வேலை செய்யும். ஸியோன் மெஷினில ரெண்டு இருந்தாலும் ஒண்டு சும்மாதான் கிடக்கும்."

"சரியாச் சொல்றாய்."

"ஆனா முப்பரிமாணப் படம் எடுக்கக்குள்ள ரெண்டும் சேர்ந்து இழுக்கும். பென்டியத்தில அஞ்சு மணித்தியாலம் ஓடுறது ஸியோனில மூண்டுக்குள்ள முடியும். இந்தக் கந்தோரில முப்பரிமாணம் செய்யிறது நான் மட்டும்தானே, சேர்? தங்கராசா அண்ணன் கோடுதானே கீறுறார்?"

கடைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். விற்கிற அவருக்கே இவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது.

அழகரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாம் சரி. ஆனா உனக்குப் பென்டியம்தான்."

"ஏன் சேர்?"

"மறுகா கதைப்பம்."

மறுகா என்றால் பிறகு. அந்த மனுசனின் பிறகு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அன்னப்பூரணி பொரிந்து தள்ளினாள். கந்தோரின் தட்டெழுத்து வேலை அவளுடையது. வாய்க்குப் பூட்டு இல்லை.

"சேரும் ஆரையம்பதி, தங்கராசாவும் ஆரையம்பதி. ஊரானுக்குப் பெரிசு, காத்தான்குடிப் புள்ளைக்குச் சின்னது. இதுக்குச் சாத்திரம் பார்க்கவா வேணும்?"

"சும்மா இரு, அன்னம்!" தங்கராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. "தங்கச்சி, எனக்கு இது வேணாம் எண்டு சேரிட்டச் சொல்லிப்போட்டன். அவர் கேட்கிறார் இல்ல. அடுத்த மாசம் உனக்குக் கலியாணம். அதுக்குப் பிறகு நீ வேலைக்கு வருவியோ மாட்டியோ எண்டு யோசிக்கிறார் போல."

நஸீறா சோற்றுப் பார்சலை மூடினாள். அது 2006ஆம் ஆண்டு. சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. கிழமைக்கு இரண்டு நாள் ஹர்த்தால். ஹர்த்தால் என்றால் காத்தான்குடி எல்லையில் றோட்டு அடைபடும், அவளால் வர முடியாது. இப்போது கலியாணமும் சேர்ந்துகொண்டது. வராத ஆளுக்குச் சின்ன மெஷின் போதும் என்று நினைத்துவிட்டார்கள்! ஐந்து வருட உழைப்புக்கு இதுதானா மரியாதை? அவளுக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை இராஜினாமாக் கடிதத்தை அழகரத்தினத்தின் மேசையில் வைத்தாள்.

அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"வாப்பாக்குத் தெரியுமா?"

"இல்ல சேர். இண்டைக்குப் போய்த்தான் சொல்லவேணும்."

"நான் இப்ப உன்ட வாப்பாட கடையில இருந்துதான் வாறன், புள்ள."

நஸீறாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அவரிட்டக் கேட்காம உனக்குச் சொல்றது முறை இல்ல. அதுதான் நேத்து வாயைத் திறக்கல்ல. ஸியோன் இழுக்கிற கரண்ட்டை வீட்டு ஜெனரேட்டர் தாங்காது. பென்டியத்தை எண்டாத் தாங்கும்."

"ஆர்ட வீட்டு ஜெனரேட்டர், சேர்?"

"உன்ட வீட்டு ஜெனரேட்டர்தான். பென்டியம் இஞ்ச வராது, நேரா அங்கதான் போகுது. றோட்டை அடைச்சா அடைக்கட்டும். நீ அங்க இருந்து கீறு. வாப்பா முன்னறையை ஒதுக்கித் தாறன் எண்டு சொல்லிப்போட்டார்."

"அப்ப முப்பரிமாணம்?"

"றோட்டுத் திறந்த நாளில சீடியில கொண்டுவந்து ஸியோனில ஓட்டு. நீ வந்தாத் தங்கராசா எழும்பி இடம் விடவேணும். இது என்ட கட்டளை."

நஸீறாவின் கண் நிறைந்தது. அதை அவருக்குக் காட்டக் கூடாது என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கலியாணம் முடிஞ்சாப் பிறகு, சேர்? மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்லுவாங்களோ..."

அழகரத்தினம் கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"எங்கட பக்கத்தில கலியாணம் முடிச்சுப் பொம்பிள எங்க புள்ள போறது? மாப்பிள்ளைதானே வாறவர்! வீடு உன்ட. 'தலைமைப் படவரைஞர் நஸீறா' எண்டு ஒரு பலகையும் எழுதக் குடுத்திட்டன். வாசலில அடிச்சு வை. வாற மாப்பிள்ளை அத வாசிச்சுப்போட்டு உள்ளுக்க வரட்டும்."