நூல் சிக்கும் இடம்

பதினொரு வருடமாக அருங்காட்சியகத்தின் அந்த எகிப்துச் சிலையைத் துடைத்து வருபவள் பாக்கியமேரி. சம்மணமிட்டு, மடியில் சுருளை விரித்து, இதோ எழுதப்போகிறேன் என்று உட்கார்ந்திருக்கும் கருங்கல் மனிதன். அவன் காதுக்குப் பின்னால் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய பழைய வேட்டித் துணியின் நூலைத் தினமும் பிடித்து இழுக்கும். "விடுறா, எனக்கு வேற வேலை இல்லியா?" என்று அதட்டிவிட்டுத்தான் நூலை எடுப்பாள்.

சுத்தம் செய்யவென்று வெளியே போன சிலை, இருபது நாள் கழித்து நேற்றுதான் திரும்பி வந்தது. இன்று காலை துணி தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. நான்கு தடவை துடைத்துப் பார்த்தாள். நூல் சிக்கவே இல்லை.

போன மாதம் மாற்றலாகி வந்த காப்பாட்சியரிடம் போனாள். சிலைகளை வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போகிறவர் அவர்.

"சார், இது நம்ம சிலை இல்லியோன்னு தோணுது. காதுக்குப் பின்னாடி ஒரு சில்லு பேந்திருக்கும். அதைக் காணோம்."

அவர் சிரித்தார். "மூவாயிரம் வருஷத்துக் கல்லும்மா. கழுவினா வழவழன்னுதான் இருக்கும். வா, பார்ப்போம்."

அவளை முந்திக்கொண்டு நடந்தார். சிலையருகே வந்ததும், குனிந்துகூடப் பார்க்காமல், இடது காதின் பின்னால், சில்லு இருந்த அதே இடத்தில் விரலை வைத்துத் தடவினார்.

"இங்க ஒண்ணுமே இல்லியேம்மா."

எந்தக் காது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"ஆறிப்போச்சு போல சார்" என்றாள், துணியை மடித்தபடி.