அகப்பைக்காம்பு

“இண்டைக்கு என்ர மீன் கருவாடாத்தான் சந்தைக்குப் போகும் போல கிடக்கு, அண்ணை.”

மீன் கூடைகளின்மேல் ஈரச் சாக்கைப் போட்டபடி ஜோசப்பின் சொன்னாள். அளம்பிலில் இருந்து புதுக்குடியிருப்புக்கு அவளுடைய மீனை ஏற்றுவது என் வான்தான். அது கிளச் தேய்ந்து என் முற்றத்தில் கிடந்தது.

மெக்கானிக் கணபதி எங்கோ தேடிப் பழைய கிளச் பிளேட் ஒன்று கொண்டுவந்திருந்தான். அவனுக்கு உதவியாள் நான். வாயால் உதவுவதில் எனக்கு நிகர் இல்லை.

“பிளேட் சரியா நடுவுல நிக்கணும்ண்ணே. இல்லேன்னா கியர்பொக்ஸ் தண்டு உள்ள போகாது. அதோட ஓட்டையில விட்டு, அசையாமப் புடிக்க ஒரு தடி வேணும்.”

அதற்கென்று உள்ள தடிக்கு வன்னியில் எங்கே போவது? குசினிக்குள் புகுந்து, மனைவி கமலேஸ்வரியின் அகப்பையைக் கேட்காமல் எடுத்து வந்தேன். அதன் காம்பு ஓட்டைக்குள் அளவாகப் போனது.

“போல்டெல்லாம் நல்லா இறுக்கிட்டு, அதுக்கப்புறம் தடியை உருவுங்க. நான் கியர்பொக்ஸைத் துடைச்சிட்டு வந்துர்றேன்.”

அவன் அப்பால் போனதும் குசினியில் சட்டி உருளும் சத்தம் கேட்டது. அகப்பையில் கிறீஸ் பட்டது தெரிந்தால் எனக்கு மத்தியானச் சோறு இல்லை. மெல்ல உருவி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். பிறகு போல்டுகளை இறுக்கினேன். எது முதல், எது பிறகு என்பதில் என்ன இருக்கிறது?

இருவரும் கியர்பொக்ஸைத் தூக்கி, அதன் தண்டை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தோம். போகவில்லை. ஆட்டிப் பார்த்தோம். அப்போதும் போகவில்லை.

“ஒரு பிளேட்டை நடுவில வைக்கத் தெரியாதவனெல்லாம் மெக்கானிக்கோ?” என்றேன்.

“என்ர பிழைப்பு நாறப்போகுது, கணபதி,” என்று ஜோசப்பினும் ஏசினாள்.

கணபதி திரும்பவும் கழற்றினான். பிளேட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“என் தப்புதாங்க. நான் சரியா வைக்கல.”

குசினி வாசலில் நின்று அகப்பையை அவனே கேட்டு வாங்கினான். கமலேஸ்வரி மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். இந்தமுறை எல்லாவற்றையும் தானே இறுக்கிவிட்டுக் கடைசியில்தான் காம்பை உருவினான். கியர்பொக்ஸ் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

“பிழையை ஒத்துக்கொண்டாய் பார், அதுதான் மனிசனுக்கு அழகு,” என்று அவனுக்குப் புத்தி சொன்னேன்.

மீன் ஏறியது. நான் பின்கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன். முன்பக்கத்தில் ஜோசப்பினின் குரல் கேட்டது.

“எனக்கு இப்பதான் விளங்குது. இறுக்க முந்தி அகப்பையை உருவினது அண்ணையெல்லே? நான் கண்டனான். நீ ஏன் பொய் சொன்னனீ?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன்.

“மெல்லப் பேசுங்கக்கா. இந்தப் பக்கம் இருக்கிறது அவரு வான் ஒண்ணுதான். நீங்க ரெண்டு பேரும் கோவிச்சுக்கிட்டா நாளைக்கு மீனும் கிடக்கும், வானும் கிடக்கும். நடுவுல நான் கொஞ்சம் ஏச்சு வாங்கினா ரெண்டும் ஓடுமில்ல?”