தனகோபால், சாரதாமணி

அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

வானொலியில் எண்பதுகளின் பாடல் ஒன்று தொடங்கியிருந்தது. கிட்டாரும் டிரம்ஸும் போட்டி போட்டு முழங்கும் பாடல். தொகுத்து வழங்கிய பெண் அதைப் 'பாடள்' என்றாள். வேறொரு நாளாயிருந்தால் தமிழாசிரியரான அவள் கணவர் எழுந்துபோய் அணைத்திருப்பார்.

முதற்சரணத்துக்கு முன்னர் வரும் கிட்டார் இசையை, அது வருமுன்பே அவள் முணுமுணுத்தாள்.

முப்பத்தாறு ஆண்டு இல்வாழ்க்கையில் அவர் கேட்டிராத குரல்.

"இந்தப் பாட்டுக்குத்தாங்க எம்பேரு ரேடியோவுல வந்துச்சு. எண்பத்தஞ்சுல. நேயர் விருப்பத்துல."

விரல் விட்டு ஒப்பித்தாள்.

"நெய்க்காரப்பட்டியிலிருந்து ஆரோக்கியம், முருகவேல், ஜெயக்கொடி, தனகோபால், சாரதாமணி."

சாரதாமணி அவள்தான்.

தனகோபாலுக்கு முன்னால் சிறிதாக மூச்சு வாங்கினாள். மற்ற மூவருக்கும் வாங்கவில்லை.

அந்த ஆண்டு அவர் புலவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். தேநீர்க் கடையில் இதே பாடல் அலறியபோது, காதைப் பொத்திக்கொண்டு நூற்பா உருப்போட்டவர்.

பெயர்களை மனத்துக்குள் எழுதிப் பார்த்தார்.

'தனகோபாலும் சாரதாமணியும்' என்று இல்லை. இடையில் 'உம்' கிடையாது. வெறும் அடுக்கு. இலக்கணம் இதைச் செவ்வெண் என்கிறது.

ஆறுதலாக இருந்தது.

பிறகு உறைத்தது. செவ்வெண்ணில் 'உம்' இல்லாமற் போவதில்லை. மறைந்து நின்று பொருள் தருகிறது. ஆண்டுதோறும் கரும்பலகையில் அவரே எழுதிப்போட்டது.

"யாரு அந்தத் தனகோபாலு?"

"எதிர்வீட்டுக்காரருங்க. ஸ்டெப் கட்டிங் வச்சிருப்பாரு."

காரர். வச்சிருப்பார். நாற்பது ஆண்டு கழித்தும் மரியாதைப் பன்மை குறையவில்லை.

சினம் பொங்கியது. அக்காலத்துப் பயல்கள் செய்துவந்த வேலைதான். அஞ்சலட்டையில் தன் பெயரை எழுதி, விரும்பிய பெண்ணின் பெயரை அதற்கடுத்து நுழைத்துவிடுவது. வானொலி இரண்டையும் ஒரே மூச்சில் ஊருக்கே படித்துவிடும். ஒரு பெண்ணின் பெயரை அவளைக் கேளாமல் எழுத இவனுக்கு யார் உரிமை தந்தது?

"அயோக்கியப் பய. உங்கப்பா அவனைச் சும்மாவா விட்டாரு?"

"அவரு என்னங்க செஞ்சாரு, பாவம்! கார்டு எழுதிப் போட்டதே நாந்தானே."

"அவனுக்குத் தெரியுமா?"

"ரேடியோ கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவருக்குப் புதிது.

"நீயா எழுதுனே? உனக்குத்தான் எழுதவே வராதே."

அப்படித்தான் அவர் நம்பியிருந்தார்.

மணமான ஆண்டு, விடைத்தாள் திருத்த அவர் மதுரைக்குப் போயிருந்தபோது அவள் ஒரு கடிதம் எழுதினாள். நான்கு பக்கம். பதினோர் ஒற்றுப்பிழைகள். ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் சுழித்து, ஊர் திரும்பியதும் அவள் கையிலேயே கொடுத்தார். திருத்திக்கொள்ளட்டும் என்று.

அதன்பின் அவள் எழுதியதில்லை.

அந்த நான்கு பக்கங்களில் என்ன இருந்தது என்று இப்போது எண்ணிப் பார்த்தார். ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

பாடல் இரண்டாம் சரணத்துக்குள் நுழைந்தது. அவள் எழுந்துபோய் ஒலியைக் கூட்டினாள்.

"ரேடியோக்காரங்க தப்பெல்லாம் பார்க்கலைங்க," என்றாள். "பேரைப் படிச்சாங்க."