இருநூற்றேழாவது தோல்

அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் போட்டுவிடலாம் என்றுதான் ஆம்பூரில் அந்தத் தோல் பதனிடும் ஷாப்பில் எல்லோரும் சொன்னார்கள். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் இரம் விடவில்லை. தோல் அளக்கும் மெஷினின் கணக்கு அதில்தான் ஏறும். வேகம் கூட்டுவதற்காக மெமரியில் ஒரு பகுதியைப் பிரித்து டிஸ்க் ஆக்கி, அளவுகள் முதலில் அங்கே பதியும்படி செய்தாள். சாயங்காலம் ஆஃப் செய்ததும் அந்த டிஸ்க் காலியாகிவிடும்.

"இன்னாம்மா, தோலு வெளிய வர்றதுக்குள்ள அளவு வந்துடுது" என்றார், மெஷினில் தோல் விடும் கோவிந்தசாமி. இரமுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள், தோலை உள்ளே விடுவதற்கு முன்பே அளவு வந்தது.

"அவ்ளோ ஸ்பீடுண்ணா" என்றாள்.

வியாழக்கிழமை காலை ஆன் செய்தபோது, காலியாக இருக்க வேண்டிய டிஸ்க்கில் அன்றைக்கு அளக்கப்போகும் நானூற்றுப் பன்னிரண்டு தோல்களின் அளவும் நேரமும் இருந்தன. சாயங்காலம் ஒத்துப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட மாறவில்லை. "பழசுன்னு சொன்னீங்களே சார்" என்று மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

சனிக்கிழமைப் பட்டியல் இருநூற்றேழாவது தோலோடு நின்றிருந்தது. அதற்கு நேரம் பதினொன்று நாற்பது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"ஐந்நூறு தோலு அடுக்கி வச்சிருக்கேன். இன்னிக்கு உன் மெஷின் தப்பு பண்ணிடுச்சும்மா" என்று கோவிந்தசாமி சிரித்தார்.

இரமுக்குச் சுருக்கென்றது. "என் மெஷின் தப்பே பண்ணாதுண்ணா."

பதினொன்று முப்பத்தொன்பதுக்கு அவர் இருநூற்றேழாவது தோலை எடுத்து உதறினார். இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. இரம் திரையைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.