நாய்க்கு முகமே சரியில்லை

“வண்டியில துப்பாக்கி ஏதாவது இருக்கா சார்?”

“இல்லை” என்றார் ராய்ஸ்.

பக்கத்து சீட்டிலிருந்து அவர் மனைவி வைனெல் கைப்பையைத் துழாவி இரண்டு பாஸ்போர்ட்டுகளை எடுத்து நீட்டினாள். கனடா எல்லைச் சாவடி அதிகாரி வாங்கிக்கொண்டார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“கைத்துப்பாக்கி? சின்னதா?”

“அதான் இல்லைன்னேனே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்லை.”

அவசரம் இல்லையாமே! ராய்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லையைத் தாண்டினால் அடுத்த ஊரில், சாயங்காலம், அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். பெண்ணின் கையைப் பிடித்து தேவாலயத்துக்குள் அழைத்துப் போக வேண்டிய அப்பா, கோட்டும் சூட்டுமாக இங்கே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“டெக்சாஸ் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கொள்ளைக்காரன்னு முடிவு பண்ணிட்டீங்களா? எனக்கும் சட்டம் தெரியும் சார். எங்க ஊர்ல இடுப்புல சொருகிக்கிட்டு காய்கறி வாங்கப் போகலாம், ஒருத்தன் ஏன்னு கேக்க மாட்டான். வர்ற வழியில ஒரு மாநிலத்துல இத்தனை குண்டுக்கு மேல ரொப்பக்கூடாதும்பான். உங்க நாட்டுக்குள்ள கைத்துப்பாக்கியோட நுழைஞ்சா நேரா உள்ளதான். எல்லாம் படிச்சுட்டு, என்னோட மூணையும் வீட்டுல பூட்டி வெச்சுட்டு வந்திருக்கேன்.”

“ரொம்ப நல்லது சார்.” அதிகாரி குனிந்து உள்ளே பார்த்தார். “அம்மா, உங்ககிட்ட?”

வைனெல் வாயைத் திறப்பதற்குள் ராய்ஸ் முந்திக்கொண்டார். “அவகிட்ட என்ன கேள்வி? ஞாயித்துக்கிழமை பசங்களுக்கு பைபிள் வகுப்பு எடுக்கறவ அவ!”

அதிகாரி பெருமூச்சு விட்டார். பின் சீட்டில் அவர்கள் நாய் டியூக் வாலை ஆட்டியபடி கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது.

“நாய்க்கு முகமே சரியில்லையே.” அதிகாரி பாஸ்போர்ட்டுகளைத் திருப்பி நீட்டினார்.

“என்னது?”

“ரொம்பக் களைச்சுப்போயிருக்கு. இப்படியே உள்ள விட முடியாது. வண்டியைத் திருப்புங்க. உங்க பக்கம் கொஞ்ச தூரத்துல ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு. தண்ணி காட்டி, நடக்க விட்டு, சாவகாசமா வாங்க.”

ராய்ஸ் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“கனடாக்காரன் தங்கமானவன்னு எவன் சொன்னான்?” ஸ்டீரிங்கைக் குத்தினார். “போயும் போயும் இந்த ஊர்லதான் மாப்பிள்ளை கிடைச்சானா உன் பொண்ணுக்கு?”

“கத்தாத ராய்ஸ். இப்பதான் நாய்க்கு நிஜமாவே உடம்பு கெடப்போகுது” என்றாள் வைனெல்.

பெட்ரோல் பங்கிலும் அவர் ஓயவில்லை. “நாய்க்குத் தண்ணி வேணும்மா. சாவடியில இருக்கானே ஒரு அகம்பாவம் புடிச்சவன், அவன் உத்தரவு!”

கல்லாவில் இருந்த பெண், வாசலில் காகிதக் கோப்பையைத் துரத்திக்கொண்டிருந்த டியூக்கைப் பார்த்துச் சிரித்தாள். “நேத்து ஒருத்தரை டயர்ல காத்து கம்மின்னு திருப்பி அனுப்பினாரு. உதைச்சுப் பார்த்தேன், என் கால்தான் வலிச்சுது.”

அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள். அதில் ஒன்றின் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “சின்னது போதுமில்ல? ஊர் திரும்பறப்போ துப்பாக்கியை எடுத்துக்கலாம்.”

“என்கிட்ட துப்பாக்கியே இல்லைம்மா!”

“உங்களை யாரு கேட்டா?” அவள் பார்வை வைனெல் பக்கம் போனது.

வைனெல் கைப்பையைத் திறந்தாள். கண்ணாடிக் கூட்டுக்கும் உதட்டுச் சாயத்துக்கும் நடுவே பளபளவென்று கிடந்தது, ராய்ஸே அவள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த கைத்துப்பாக்கி.

“கடவுளே! வருஷக்கணக்கா உள்ளயே கிடக்கு ராய்ஸ். இருக்கறதே மறந்துபோச்சு.”

ராய்ஸ் பைக்குள் எட்டிப் பார்த்தார். “பாஸ்போர்ட் எடுக்கறப்போ... அப்போ அந்த ஆளு பார்த்துட்டாரா?”

“பார்த்தேன்னு சொன்னா உங்க ரெண்டு பேரையும் புடிச்சு உள்ள வைக்கணும், அதான் அங்க சட்டம்” என்றாள் கல்லாக்காரி, பெட்டியைத் திறந்து வைத்தபடி. “அதுக்குத்தான் பாவம் அந்த மனுஷன், எதையும் பார்க்காத மாதிரி இருந்துக்கிட்டு, நாள் பூரா உங்களை மாதிரி ஆளுங்ககிட்ட திட்டு வாங்கறாரு.”